பஞ்சுக்கிட்டங்கித் தெருச் சப்பரமும் மாரிசெல்வியின் குரலும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் எட்டரை மணி பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டுக் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அன்றைக்கு வைகாசிப் பொங்கலின் கடைசி நாள் வேறு, படிக்கட்டு வரைக்கும் கூட்டம். மாரிசெல்விக்கு எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடப் போனவளுக்கு, முன்சீட்டிலிருந்து அவளுடைய குரலே கேட்டது.

"சற்று முன் கிடைத்த தகவல். ராஜபாளையம் பஞ்சுக்கிட்டங்கித் தெரு வழியாகச் சென்ற மந்தை மாரியம்மன் சப்பரத்தின் மீது கல் வீசப்பட்டதில் ஒருவர் மண்டை உடைந்தது."

முன்சீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். மாரிசெல்வி எட்டிப் பார்த்தாள். வீடியோவில் அவள்தான் இருந்தாள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டியிருந்த ரோஸ் சேலை, பின்னால் சஞ்சீவி டிவி என்ற எழுத்து. வீடியோவுக்குக் கீழே யாரோ புதிதாக எழுதிச் சேர்த்திருந்தார்கள். போன தடவை அடித்தார்கள், இந்தத் தடவை விடக்கூடாது, இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாரும் பஞ்சுக்கிட்டங்கித் தெருவுக்கு வாருங்கள் என்று. பக்கத்து சீட்டுப் பெண் வீடியோவையும் மாரிசெல்வியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யக்கா, இது நீங்கதான?" என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

ஆமாம் என்றாள் மாரிசெல்வி. வேறென்ன சொல்ல முடியும்? அந்தச் செய்தியை அவள்தான் வாசித்தாள். அது பொய் என்பதும் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மாரிசெல்வியைத் தெரியாதவர்கள் ராஜபாளையத்தில் இருக்கலாம், அவள் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. வன்னியம்பட்டியில் பிறந்து, பத்தொன்பது வயதில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தவள். அத்தனை தறிச் சத்தத்துக்கும் மேலே அவள் கூப்பிட்டால் கடைசித் தறிக்காரி வரைக்கும் கேட்கும். அதைக் கேட்ட மைக்செட்டுக்காரர் ஒருவர் ஆட்டோவில் போடுவதற்கு ஒரு விளம்பரம் பேசித்தரச் சொன்னார். மலைப்பூண்டு விளம்பரம். பூண்டுக்குப் பிறகு ஜவுளிக்கடை, கண் சிகிச்சை முகாம், குடிநீர் வராத நாள், இறந்தவர்கள் பற்றிய அறிவிப்பு என்று எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான் தெருத்தெருவாகப் போயிற்று. அதற்கும் பிறகுதான் சஞ்சீவி டிவியில் ஏழு மணிச் செய்தி. பதினாலு வருஷம். பெரிய சேனல்கள் ஆயிரம் சொல்லட்டும், தெருவில் ஒன்று நடந்ததா இல்லையா என்பதற்கு, "மாரிசெல்வி வாசிச்சாளா?" என்று கேட்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டு. அப்பேர்ப்பட்ட குரலில்தான் அந்தப் பொய்யும் போயிருந்தது.

நடந்தது இதுதான். பஞ்சுக்கிட்டங்கித் தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார் பிச்சை முகம்மது. கீழே கடை, மாடியில் வீடு. அந்த வீட்டுக்குப் போகிற கரண்ட் வயர் தெருவுக்குக் குறுக்கே தாழத் தொங்கும். உயர்த்திக் கட்ட ஒரு போஸ்ட் வேண்டும் என்று ஆறு வருஷமாக மனு போட்டிருக்கிறார், போஸ்ட் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் வைகாசிப் பொங்கலுக்குச் சப்பரம் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும், பிச்சை முகம்மது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று, ஒரு நீளக் கவைக்கம்பால் வயரைத் தூக்கிப் பிடிப்பார். சப்பரம் அடியில் நுழைந்து போகும். அவருக்கு முன்னால் அவருடைய அத்தாவும் அதைத்தான் செய்தார். அதை யாரும் பெரிய விஷயமாகப் பேசிக்கொண்டதில்லை. வயர் அவர்களுடையது, தூக்க வேண்டியதும் அவர்கள்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித் தூக்கும்போது கம்பின் அடிப்பாகம் சுவரில் பலமாக ஊன்றிவிட்டது. பழைய சுவர். இரண்டு செங்கல் பெயர்ந்து, சப்பரத்தின் முன்கட்டையைச் சுமந்து வந்த மலைச்சாமியின் தலையில் விழுந்தது. ஏழு தையல்.

கூட்டத்தில் பின்னால் நின்ற யாரோ சேனலுக்குப் போன் போட்டு, கல்லெறிந்துவிட்டார்கள் என்றார். மணி ஆறு ஐம்பது. ஸ்டூடியோவிலிருந்து அந்தத் தெரு பத்து நிமிஷ நடை. போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று மாரிசெல்விக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஏழு மணி ஆகப் போகிறதே என்று உட்கார்ந்து வாசித்துவிட்டாள். எட்டு மணிக்குள் மெத்தைக் கடை ஷட்டரை நாலு பேர் மிதித்து வளைத்துவிட்டார்கள். பிச்சை முகம்மதுவை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் மதியம் தலைக்கட்டோடு மலைச்சாமி ஸ்டேஷனுக்குப் போய், விழுந்தது செங்கல்தான் சார், அந்த ஆளை விடுங்க என்று சொன்ன பிறகே அவர் வீட்டுக்கு வந்தார்.

செய்தியைத் திருத்தி வாசிக்கிறேன் என்று மாரிசெல்வி கேட்டாள். அடங்கிப்போனதைக் கிளறாதே என்றார் சேனல் முதலாளி ராஜரத்தினம். திரையின் அடியில், ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கும் கீழே, ஒரே ஒரு நாள் நாலு வார்த்தை ஓடியது. அதை யார் படித்தார்கள்? அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்த வெட்கம் அவளுக்குள் அப்படியே கிடந்தது.

அன்றிலிருந்துதான் அவள் அந்த வழக்கத்தைப் பிடித்தாள். நேரில் போய்ப் பார்க்காத செய்தியை வாசிப்பதில்லை. தளவாய்புரத்தில் வைக்கோல்படப்பு எரிந்தது என்றால் பஸ் ஏறிப் போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு சண்டை என்றால் இரண்டு வீட்டு வாசலிலும் நின்று கேட்பாள். மாரிசெல்விக்குச் செருப்பு தேய்ந்தால்தான் சேனலுக்குச் செய்தி வரும் என்று கேமராக்காரர் எட்வின் கேலி செய்வார். செய்யட்டும் என்று இருந்துவிடுவாள்.

போன வருஷம் கோயிலில் திருப்பணி, சப்பரம் கிளம்பவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சப்பரம் தெருவுக்குள் வரப்போவது இந்த வருஷம்தான். சரியாக அந்த நாளைப் பார்த்து எவனோ பழைய வீடியோவைத் தோண்டி எடுத்து அனுப்பியிருக்கிறான்.

ராஜபாளையத்தில் இறங்கியவள் ஸ்டூடியோவுக்குப் போகவில்லை, நேரே பஞ்சுக்கிட்டங்கித் தெருவுக்கு நடந்தாள். இரண்டு பக்கமும் தடுப்பு, போலீஸ் வேன். மெத்தைக் கடை பூட்டியிருந்தது. பிச்சை முகம்மது வாசலில் ஒரு பையோடு நின்றிருந்தார். மனைவி மாஜிதாவைக் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் சனா வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அவரையும் இரண்டு நாள் அங்கேயே போய் இருக்கச் சொல்லிவிட்டதாம் போலீஸ். சப்பரத்தை மெயின் ரோடு வழியாகச் சுற்றிவிடப் போகிறார்கள் என்றார். அவர் முகத்தில் கோபமில்லை. அதுதான் மாரிசெல்விக்கு அதிகமாக வலித்தது.

"ஒரு தடவ சுத்திப் போச்சுன்னா, பொறவு எப்பவும் சுத்தித்தான் போகும் தங்கச்சி. அடுத்த வருசம் இந்தத் தெருவுக்கு ஏன் வரணும்னு கேப்பாக. எங்க வீட்டு வாசல்ல நிக்காம அது போனதே இல்ல."

இப்போதே கிளம்பாதீர்கள் அண்ணே, சாயங்காலம் வரைக்குமாவது இருங்கள் என்று சொல்லிவிட்டு, மாரிசெல்வி ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜெயசித்ரா இரண்டு இரவாகத் தூங்காத கண்ணோடு இருந்தார். அறுபது போலீஸ், எட்டுத் தடுப்பு, வெளியூரிலிருந்து எத்தனை பேர் கிளம்பி வருவார்கள் என்று கணக்குத் தெரியாத கவலை. மாரிசெல்வியைக் கண்டதும் அவருக்குச் சுள்ளென்று வந்தது. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே எங்களுக்குப் பெரிய உபகாரம் என்றார். இன்றைக்கு ஏழு மணிச் செய்தியே வேண்டாம், சேனலையே நிறுத்திவைக்கச் சொல்லப் போகிறேன் என்றார். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு கல் விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

மாரிசெல்வி நின்றுகொண்டே சொன்னாள். "நிறுத்துங்க மேடம். ஆனா அந்த வீடியோவ நிறுத்த முடியாதுல்ல? பொய் என் குரல்ல ஊரெல்லாம் ஓடுது. அது பொய்யின்னு வேற யாரு சொன்னாலும் எடுபடாது. நாந்தான் சொல்லணும்."

ஜெயசித்ரா உருட்டிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, வீடியோ எடுத்துவிட்டு முதலில் என்னிடம் காட்டுங்கள், ஒரு வார்த்தை பிசகினாலும் வெளியே போகாது என்றார். கோயில் கமிட்டியும் தெருக்காரர்களும் இரண்டு மணிக்குள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பழைய பாதை, இல்லையென்றால் மெயின் ரோடுதான் என்பதையும் சொல்லிவிட்டார்.

ராஜரத்தினத்தைப் போனில் சமாளிப்பது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. நம்ம சேனல் பொய் சொன்னது என்று நாமே சொன்னால் நாளைக்கு எவன் நம்மை நம்புவான் என்று குதித்தார். பதினாலு வருஷப் பேரைக் கெடுக்காதே என்றார். சேனலை இழுக்க மாட்டேன், நான் செய்த தப்பு என்று மட்டும் சொல்லுவேன் என்றாள் மாரிசெல்வி. அப்படியென்றால் சொல்லிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடு, ஏழு மணிக்கு இந்தப் பக்கம் வராதே என்று போனை வைத்துவிட்டார்.

அவள் வீட்டுக்காரர் சோலைராஜ் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் லாரி ஓட்டுகிறார், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஏழு மணி நாற்காலி இல்லாமல் தான் யார் என்று அவளுக்கே தெரியாது. இருந்தும் எட்வினைப் போனில் கூப்பிட்டு, கேமராவோடு வாருங்கள், மலைச்சாமியைப் பார்க்கப் போகிறோம் என்றாள்.

மலைச்சாமி பஞ்சுக் கிட்டங்கியில் லோடுமேன். இரண்டு வருஷமாக மாரிசெல்வியோடு பேசுவதில்லை. இன்றைக்கு அவளைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, அங்கேயே, பத்துப் பேர் முன்னால் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். டீக்கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும், உம்மேல் எறிந்தது யார் என்று கேட்கிறார்களாம். எறியவில்லை, விழுந்தது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதாம். நேற்றுக்கூட முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து, தழும்பைக் காட்டி ஒரு வார்த்தை பேசுங்கள் அண்ணே, வீடியோ எடுத்துக்கிடுகிறோம் என்றார்களாம். விரட்டிவிட்டாராம். ஏழு தையல் ஏழு நாளில் ஆறிவிட்டது, இந்தக் கேள்விதான் ஆறவில்லை என்றார்.

மாரிசெல்வி எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். மலைச்சாமிக்கு மூச்சு வாங்கியது. கடைசியில், "இப்ப வந்து என்னத்தச் சொல்லப் போற?" என்றார்.

"போயிப் பாக்காம வாசிச்சேன்னு சொல்லப் போறேன்ணே."

மலைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அத மட்டும் சொல்லு. என் தலைய நான் காட்டிக்கிடுதேன்."

பதினொன்றரை மணி வெயிலில், மெத்தைக் கடை முன்னால், மேக்கப் இல்லாமல், வியர்த்த முகத்தோடு மாரிசெல்வி நின்றாள். கைப்பிடிச் சுவரில் இரண்டு செங்கல் இல்லாத இடம் இன்னும் பொக்கையாகத்தான் இருந்தது. பிச்சை முகம்மது பூசாமல் விட்டிருந்தார். எட்வின் முதலில் அதைக் காட்டினார். பிறகு கவைக்கம்பு, பிறகு தொங்குகிற வயர், பிறகு மலைச்சாமி குனிந்து காட்டிய தழும்பு. செய்தி வாசிக்கிற தமிழ் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பேசினாள்.

"நான் மாரிசெல்வி. இந்தத் தெருவுல சப்பரத்து மேல கல்லெறிஞ்சாகன்னு ரெண்டு வருசத்துக்கு முந்தி செய்தி வாசிச்சது நாந்தான். அது பொய். போன்ல ஒருத்தர் சொன்னத, பத்து நிமிசம் நடந்து வந்து பாக்காம வாசிச்சிட்டேன். விழுந்தது இந்தச் செவுத்துச் செங்கல். எறிஞ்சது யாருமில்ல. என் பேச்ச நம்பி இந்தக் கட ஷட்டர மிதிச்சு வளைச்சாக. அதுக்கு இந்த அண்ணன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கேன். இன்னைக்கும் என் பேச்ச நம்பித்தான் நீங்க கெளம்புதீய. கெளம்பாதீய. சப்பரம் பாக்க வாரவுக வாங்க, சண்டைக்கு வாரவுக அங்கனயே இருங்க."

பிச்சை முகம்மது பக்கத்திலேயே நின்றார். கேமரா அவர் பக்கம் திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போஸ்ட்டுக்கு மனு போட்டு ஆறு வருஷமாச்சு, அதையும் செத்த சொல்லிருங்க என்றார். எட்வின் அதையும் வெட்டாமல் வைத்தார்.

ஜெயசித்ரா வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். ஒரு வார்த்தையும் எடுக்கச் சொல்லவில்லை. போனில் அனுப்பினால் போதாது, போன் பார்க்காதவர்கள் எத்தனை பேர், ஆட்டோவிலும் போடலாம் என்று மாரிசெல்விதான் சொன்னாள். அவசரத்துக்கு அகப்பட்டது பழைய பூண்டு ஆட்டோவேதான். அது தெருத்தெருவாகப் போய், அவளுடைய மன்னிப்பைச் சொல்லி முடித்து, அடுத்த நொடியே அதே குரலில் மலைப்பூண்டு, மலைப்பூண்டு என்று கூவிற்று. டிரைவருக்குப் பழைய பதிவை எடுத்துவிடத் தெரியவில்லை. ஊர் சிரித்தது. சிரித்தாலும் கேட்டது. சேத்தூர்ப் பக்கமிருந்து கிளம்ப இருந்த ஒரு வேன், அதை அமர்த்தியவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கிளம்பவில்லை. இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கமிட்டிக்காரர்களும் தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் இன்ஸ்பெக்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சப்பரம் போகும் நேரத்தில் தெருவில் எல்லா வீடும் பூட்டியிருக்க வேண்டும், மாடியில் ஒரு தலை தெரியக்கூடாது. வயரைத் தூக்க ஒரு கான்ஸ்டபிள் கம்போடு கீழே நிற்பார். பாதுகாப்பு என்றால் அப்படித்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பிச்சை முகம்மதுவும் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலரை மணிக்குச் சப்பரம் தெருவுக்குள் நுழைந்தது. கொட்டு முழங்கியது, ஆனால் குலவை சத்தம் இல்லை. எல்லார் கண்ணும் மாடிகளின் மேலேயே இருந்தது. முன்கட்டையில் அதே மலைச்சாமி. எட்வின் கேமராவோடு பின்னால் நடக்க, மாரிசெல்வி மைக்கைப் பிடித்தபடி ஓரமாக நடந்தாள். மெத்தைக் கடை முன்னால் வந்ததும் கான்ஸ்டபிள் கம்பை உயர்த்தினார். மலைச்சாமி நின்றுவிட்டார். சப்பரமும் நின்றது.

ஜெயசித்ரா வேகமாக வந்து, ஏன் நிற்கிறீர்கள், போங்கள் என்றார்.

"கம்பு பிடிக்கிற ஆளு வரட்டும் மேடம்."

"அவர்தான் பிடிக்கிறாரே."

"அவருக்குப் பழக்கமில்ல. இது பாய் வீட்டு வயரு. மெயினு அமத்தியிருக்கான்னு அவருக்குத்தான் தெரியும்."

கொட்டுக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். இந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசினாலும் கெட்டுவிடும் என்று தோன்ற, மாரிசெல்வி மைக்கை இறக்கிவிட்டாள். ஜெயசித்ரா வயரைப் பார்த்தார், பொக்கைச் சுவரைப் பார்த்தார், மலைச்சாமியைப் பார்த்தார். பிறகு தானே போய் மெத்தைக் கடைக் கதவைத் தட்டினார்.

பிச்சை முகம்மது ஒரு கையில் கவைக்கம்போடு வெளியே வந்தார். மறு கையில் அவருடைய பைக் ஹெல்மெட். யாரையும் பார்க்காமல் நேரே மலைச்சாமியிடம் போய், "இத மாட்டிக்க மாப்ள. செவுத்த நான் இன்னும் பூசல" என்றார்.

மலைச்சாமி இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்திருந்தார், விட முடியாது. அதனால் பிச்சை முகம்மதுவே அவர் தலைத்துண்டை எடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி, நாடியில் வாரையும் போட்டுவிட்டார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் மாலை, தலையில் சிவப்பு ஹெல்மெட். முதலில் சிரித்தது தலையில் ஹெல்மெட்டோடு நின்ற போலீஸ்காரர்தான். பிறகு தெருவே சிரித்தது. பூட்டிய ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தன. ஜெயசித்ரா மூடச் சொல்லவில்லை. பிச்சை முகம்மது மாடிக்கு ஏறி வயரைத் தூக்க, சப்பரம் அடியில் நுழைந்து, வழக்கம்போல அவர் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போயிற்று. அப்போதுதான் குலவை கிளம்பியது. மாரிசெல்வி சுவரோரம் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். எட்வின் கேமராவை அவள் பக்கம் திருப்பவில்லை.

ஆறே முக்காலுக்கு அவள் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது. ராஜரத்தினம். மணி என்ன ஆகிறது, எங்கே இருக்கிறாய், இங்கே வாசிக்க வேறு யார் இருக்கிறார்கள் என்று கத்தினார். காலையில் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போனாள்.

ஏழு மணிக்கு, கசங்கிய சேலையோடு, மாரிசெல்வி முதல் செய்தியை வாசித்தாள்.

"மந்தை மாரியம்மன் சப்பரம் இன்று மாலை பஞ்சுக்கிட்டங்கித் தெரு வழியாக வலம் வந்து கோயிலை அடைந்தது. யாருக்கும் காயம் இல்லை. நேரில் பார்த்தேன்."

கடைசி இரண்டு வார்த்தையும் தாளில் இல்லை.